பாதம் இல்லாத நாமம்

சூசையம்மாள் போட்ட அலறல் லேத் பட்டறை வரைக்கும் கேட்டது.

எந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தால் கேட்டிருக்காது. ஆனால் அன்று விஜயதசமி. முதல் நாள் ஆயுத பூஜையில் மாலையும் மரியாதையும் வாங்கிக்கொண்ட எந்திரங்கள், கல்யாண வீட்டுச் சம்பந்திகள் மாதிரி இன்னும் எழுந்திருக்கவில்லை.

மண்ணூர் சாலையில் இருந்த அந்த ஸ்பிரிங் ஃபாக்டரியின் மானேஜர் இராமச்சந்திரன், கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைக்கவும் மறந்து ஓடி வந்தார்.

கம்ப்யூட்டர் ரூம் வாசலில் ஒரு ஜோடி ஆண் செருப்பு. பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த பக்கெட். அதற்கும் பக்கத்தில் சூசையம்மாள், தரை துடைக்கிற துணியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி.

உள்ளே...

அருள்நாதன் கம்ப்யூட்டரைப் பிடித்தபடியே விறைத்துத் தொங்கிக்கொண்டிருந்தான்.

இராமச்சந்திரன் மெயின் சுவிட்சை இறக்கினார். அப்புறம்தான் அவன் கை பெட்டியை விட்டது.

உள்ளங்கை கருகியிருந்தது!

"தரை காயல தம்பி, இரு இருன்னேன்," என்றாள் சூசையம்மாள். "சிரிச்சிக்கினே போச்சு. சுவிட்சப் போட்டுச்சு. பொட்டி மேல கைய வெச்சுது. அவ்ளோதான்... எடுக்கவேயில்ல."

செருப்பை வெளியே விடாமல் யாரும் அந்த அறைக்குள் போனதில்லை. தூசி ஆகாது என்று வாசலில் பலகையே மாட்டியிருந்தார்கள். அது 1988. கம்ப்யூட்டர் என்றால் பாதி எந்திரம், பாதி சாமி.

வெறுங்கால். ஈரத் தரை. மின்சாரம்.

எமனுக்கு இதைவிட வசதியாக யாரும் கதவைத் திறந்து வைக்க முடியாது!

*

இன்ஸ்பெக்டர் கோதண்டராமன் ஜீப்பிலிருந்து இறங்கினார். ஸ்ரீபெரும்புதூர் சன்னதித் தெருவில் பிறந்து, அதே ஊர் ஸ்டேஷனுக்கே மாற்றலாகி வந்தவர். கூடவே ஏட்டு தணிகாசலம்.

ஃபாக்டரி எலெக்ட்ரீஷியன் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற ஸ்டெபிலைசர் பெட்டியைக் கழற்றிக் காட்டினான். உள்ளே எர்த் கம்பியைக் கரண்ட் கம்பியோடு முறுக்கியிருந்தது. சுவிட்சைப் போட்ட நிமிஷம் கம்ப்யூட்டரின் தகரப் பெட்டி முழுக்கக் கரண்ட்.

தானாக முறுக்கிக்கொள்ள அது மல்லிகைக் கொடி இல்லை.

செத்தவன் யார் என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். மானேஜர் சொன்னதைச் சுருக்கினால் இவ்வளவுதான்.

பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் எந்த ஃபாக்டரியில் கம்ப்யூட்டர் இருந்தாலும், சம்பளம் போட அதில் ஓடுவது ஒரே புரோகிராம். பெயர் 'பொற்கணக்கு'. முதலாளி காஞ்சிபுரத்து ரகுபதி. மெட்ராஸில் கம்ப்யூட்டர் விற்கிறவர்களை வளைத்து அவர் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். பெட்டி விற்கும்போதே பொற்கணக்குக்கும் காசு வாங்கிவிட வேண்டும். வேண்டாம் என்கிறவனிடமும் வாங்க வேண்டும். வேறொருவன் சரக்கைக் கடையில் வைத்தால், கொடுத்த சலுகை எல்லாம் அன்றோடு கட்.

புடவை எடுத்தவள் ரவிக்கைத் துணிக்கும் பணம் கட்டியே தீர வேண்டும், அதைத் தைத்தாலும் சரி, தைக்காவிட்டாலும் சரி... அந்த மாதிரி.

மீறி யாராவது வேறு புரோகிராமை ஏற்றினால், பொற்கணக்கு திரையில் ஒரு வரி காட்டும். 'கணக்குகள் அழியும் அபாயம்.' ஒரு கணக்கும் அழியாது. ஆனால் சம்பளத்துக்கு முதல் நாள் அந்த வரியைப் பார்க்கிற மானேஜர் புதுப் புரோகிராமை அன்றே தூக்கிவிடுவார்.

ஒரே கடை இருக்கிற ஊரில் தராசுக்கு என்ன வேலை?

அந்த ஊரில்தான் இரண்டு பேர் இரண்டாவது கடையைத் திறக்கப் பார்த்தார்கள். இதே ஃபாக்டரியின் கம்ப்யூட்டர் ரூமில் வேலை பார்த்த அருள்நாதன், லீலா. லீலா எழுதுவாள். அருள்நாதன் பேசுவான். அவர்களுடைய புரோகிராம் பொற்கணக்கைவிட வேகம். விலை பாதி. சம்பளச் சீட்டு தமிழில் வரும். ஓ.டி. எவ்வளவு ஏறியது, பிடித்தம் எவ்வளவு போனது என்று லைனில் நிற்கிறவன் யாரையும் கெஞ்சாமல் தானே படித்துக்கொள்ளலாம்.

அன்று சாயங்காலம் நாலு மணிக்கு, சுற்று வட்டாரத்து மானேஜர்கள் அத்தனை பேர் முன்னாலும் அதை ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடினால் பொற்கணக்குக்கு முழுக்கு. நின்றுபோனால், லீலாவின் புரோகிராமை அப்புறம் ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

"நேத்து பூஜைக்கு வெளியாள் யாராவது வந்தாங்களா?" என்றார் கோதண்டராமன்.

மானேஜர் தயங்கினார்.

"ரகுபதி சார் வந்திருந்தார். பழத்தட்டோட."

*

காஞ்சிபுரத்திலிருந்து வரும் ஃபாக்டரி பஸ்ஸில் லீலா வந்து இறங்கினாள். விஷயத்தைச் சொன்னார்கள்.

அவள் அழவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அருள்நாதனின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தாள். அதைத்தான் அதிக நேரம் பார்த்தாள்.

"நாலு மணிக்கு நடக்கணும் சார். நானே ஓட்டிக் காட்டறேன்."

மானேஜர் பதறிப்போய், பிணத்தை இன்னும் எடுக்கக்கூட இல்லையே என்றார்.

"அவன் போயிட்டான்," என்றாள் லீலா. "இதுவும் போகக் கூடாது." சொல்லிவிட்டு ஆபீஸ் ரூம் பக்கம் போய்விட்டாள்.

தணிகாசலம் இன்ஸ்பெக்டரின் காதருகே குனிந்தார். "இன்னா சார் இந்தப் பொண்ணு... கல்லு மாதிரி கீது."

கோதண்டராமன் அறையிலிருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அவர் கண் அவற்றின் மேல் போட்டிருந்த நாமங்களில் நின்றது.

வருஷா வருஷம் பூஜைக்குத் தானே கைப்பட நாமம் போடுவது இராமச்சந்திரனின் வழக்கம். லேத்துக்கு நாமம். லாரிக்கு நாமம். ராமானுஜர் ஊர்க்காரர் ஆயிற்றே, அத்தனையும் தென்கலை நாமம்! இரண்டு வெள்ளைக் கோடு, நடுவில் சிவப்பு, கீழே மூக்கின் மேல் இறங்குகிற பாதம்.

கம்ப்யூட்டருக்குப் பாதம் இருந்தது. பிரிண்டருக்கு இருந்தது. ஏர்கண்டிஷனருக்கும் இருந்தது.

ஸ்டெபிலைசருக்கு மட்டும்...

அடியில் வளைந்த வெள்ளைக் கோடு. நடுவில் சிவப்பு. பாதம் இல்லை!

வடகலை நாமம்!

"மானேஜர் சார், இது நீங்க போட்டதா?"

இராமச்சந்திரன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். அவர் முகம் மாறியது. "என் கையில இது வராது சார். தலையை எடுத்தாலும் வராது."

"தணிகாசலம், ஸ்டோர் ரூமை அலசிப் பாரும்."

ஏட்டு போனார். சாக்குக் குவியலுக்கு அடியிலிருந்து ஒரு ஸ்டெபிலைசரோடு வந்தார். அதன் நெற்றியில் நாமம், அழகான பாதத்தோடு.

பூஜை முடிந்த பிறகு யாரோ பெட்டியை மாற்றியிருக்கிறார்கள். மாற்றினது தெரியாமல் இருக்க நாமமும் போட்டிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் வீட்டுப் பழக்கத்தில்!

அப்போது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சிரிப்போடு இறங்கினார் ரகுபதி.

அவர் நெற்றியில்...

பாதம் இல்லாத நாமம்!

*

இன்ஸ்பெக்டர் சுற்றி வளைக்கவில்லை. ஸ்டெபிலைசரைக் காட்டினார். நெற்றியைக் காட்டினார். நேற்று வந்து போனதைச் சொன்னார்.

ரகுபதி நிதானமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"நாமத்தை வெச்சுப் பிடிக்கணும்னா காஞ்சிபுரத்துல பாதிப் பேரைப் பிடிக்கணும். நான் வியாபாரி சார். போட்டிக்காரனைக் கொல்றது நஷ்டம். வாங்கிப் போடறதுதான் லாபம்."

"வாங்கினீங்களா?"

"போன வாரமே. அருள்நாதன் கையெழுத்துப் போட்டுப் பணத்தையும் வாங்கிட்டான். புரோகிராம் என்னுது."

அப்படியானால் இன்று சாயங்காலம் எதற்கு அத்தனை பேரையும் கூப்பிட்டது என்று கேட்டார் கோதண்டராமன்.

"அது எல்லார் கண் முன்னாடியும் படுத்துடணும். அதுக்குத்தான். அப்புறம் இந்தப் பக்கம் எவனும் ரெண்டாவது கடையைப் பத்திப் பேச மாட்டான். படுக்க வைக்கறது அருள்நாதன் பொறுப்பு." ரகுபதி பெருமூச்சு விட்டார். "அவன் உயிரோட இருந்தாத்தானே சார் எனக்கு வேலை ஆகும்?"

"வாங்கின புரோகிராமை என்ன பண்ணுவீங்க?"

"பீரோவுல வெச்சுப் பூட்டுவேன்."

"விக்க மாட்டீங்க?"

"சுமார் சரக்கே சொன்ன விலைக்குப் போறப்போ, நல்ல சரக்கை எதுக்கு சார் வெளியில எடுக்கணும்?"

ஏர்கண்டிஷனர் ஓடவில்லை. ஆனாலும் குளிர்ந்தது.

லாபம் இல்லாத வேலையை இந்த ஆள் செய்ய மாட்டார். அது கோதண்டராமனுக்குப் புரிந்துவிட்டது. அப்படியானால் வேறு யார்?

"விக்கற விஷயம் அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

"சொல்லாதேன்னு நான்தான் சொன்னேன்."

கோதண்டராமன் மெல்லத் தலையை ஆட்டினார். ஆண்கள் நெற்றியில் எழுதிக்கொண்டு திரிகிறார்கள். பெண்கள் நெற்றியில் பொட்டு மட்டும்தான். நெற்றியில் இல்லாத நாமத்தை யார் சந்தேகப்படுகிறார்கள்?

*

சாயங்காலம் மானேஜர்கள் வர ஆரம்பித்தார்கள். புது ஸ்டெபிலைசர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாகிவிட்டது. லீலா ஃபிளாப்பியோடு தயாராக நின்றாள்.

"ஒரு நிமிஷம்மா," என்றார் இன்ஸ்பெக்டர். "விஜயதசமி. சாவு வேற விழுந்திருக்கு. புதுப் பெட்டிக்கு நாமம் போடாம ஓட்ட வேணாம். மானேஜர் வாசல்ல வந்தவங்களைக் கவனிக்கறார். நீயே போட்டுடு."

லீலாவின் மனசெல்லாம் திரையில் இருந்தது. குழைத்த திருமண்ணில் விரலைத் தோய்த்தாள். மேலிருந்து கீழே ஒரு கோடு. அடியில் ஒரு வளைவு. மறுபடி மேலே. நடுவில் சிவப்பு.

விரலைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

தணிகாசலம் கதவோரமாகப் போய் நின்றார்.

கோதண்டராமன் சாக்குக்கு அடியில் கிடைத்த பெட்டியை அதன் பக்கத்தில் வைத்தார். கொலைப் பெட்டியையும் வைத்தார். மூன்று நாமங்கள். ஒன்றுக்குப் பாதம் இருந்தது. இரண்டுக்கு இல்லை.

லீலா பார்த்தாள். இன்னொரு முறை பார்த்தாள். ஃபிளாப்பியை மேஜை மேல் வைத்தாள்.

"நேத்து பூஜை முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் பெட்டியை மாத்தினேன், காலையில முதல்ல வந்து சுவிட்ச் போடறவன் அவன்தானே. நாமம் இல்லேன்னா சட்டுனு கண்ணுல பட்டுடும்னு போட்டேன்," என்றாள் மெதுவாக. "எங்காத்துல இப்படித்தான் போடுவா. பாதம்னு ஒண்ணு இருக்கறதே ஞாபகம் வரலை சார்."

"அவன் வித்தது எப்படித் தெரியும்?"

"இன்னிக்குக் காட்டறதுக்குன்னு அவன் எடுத்து வெச்ச ஃபிளாப்பியை முன்னாடியே போட்டுப் பாத்தேன். பாதியில நின்னுபோற மாதிரி நடுவுல ரெண்டு வரி சேத்திருந்தான். நான் எழுதினதுக்கு நடுவுல அவன் எழுதினா எனக்குத் தெரியாதா? கேட்டேன். வித்தாச்சு, உனக்கும் பங்கு தரேன்னு சொன்னான்."

"ஸ்டேஷனுக்கு வந்திருக்கலாமேம்மா."

"வந்து? நான் எழுதினதை ஒருத்தர் பீரோவுல வெச்சுப் பூட்டப் போறார்னு எழுதிக் குடுக்கறதா? அதுக்கு உங்ககிட்ட என்ன செக்ஷன் சார் இருக்கு?"

கோதண்டராமனிடம் கொலைக்கு மட்டும்தான் செக்ஷன் இருந்தது.

அவளை ஜீப்பில் ஏற்றினார்கள். வந்த மானேஜர்கள் காபியைக்கூடக் குடிக்காமல் கிளம்பினார்கள். கேட் அருகே நின்ற ரகுபதி, கடை மூடும் நேரத்தில் கல்லாவைப் பார்க்கிறவர் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டார்.

"வித்தவன் மார்ச்சுவரியில. எழுதினவ லாக்கப்புல. சரக்கு எங்கிட்ட. பகவான் கணக்கு என் கணக்கைவிடச் சுத்தம் சார்."

*

மறு வாரம் அதே ரகுபதி ஸ்டேஷனுக்குள் ஓடி வந்தார். வேர்வையில் நெற்றி நாமம் மூக்கு வரைக்கும் வழிந்திருந்தது. காஞ்சிபுரத்துக்காரருக்குப் பாதமே வந்துவிட்டது!

"கேஸ் எழுதுங்க சார். திருட்டு!"

உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். மூச்சு வாங்கியபடி சொன்னார். பூஜையன்று மத்தியானமே லீலா ஒவ்வொரு ஃபாக்டரியிலும் தனக்குத் தெரிந்த டைப்பிஸ்ட் பெண்களுக்குப் பொரி கடலைப் பொட்டலம் அனுப்பியிருக்கிறாள். ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு ஃபிளாப்பி. அவள் எழுதிய முழு புரோகிராம். கெடுக்காதது. இனாம்!

"அந்த ஷோ ஊத்திக்கிட்டிருந்தா ஒவ்வொருத்தனும் அதைக் குப்பையில போட்டிருப்பான். இப்போ கொலை விழுந்த புரோகிராமாச்சேன்னு ஆசையாப் போட்டுப் பாக்கறான். பாத்தவன் விட மாட்டேங்கறான். பிள்ளைப்பாக்கத்துல தமிழ்ச் சீட்டு குடுத்தாத்தான் ஷிஃப்ட் ஏறுவோம்னு லைனே நின்னுடுச்சு. பொற்கணக்கை எடுத்துட்டுப் போன்னு காலையிலேர்ந்து போன் மேல போன்..."

"சரி. புகார்ல என்ன எழுதணும்?" என்றார் கோதண்டராமன்.

"என் புரோகிராம் திருட்டுப் போச்சுன்னு."

"பீரோவுல இல்லையா?"

"இருக்கு."

"பூட்டு உடைஞ்சிருக்கா?"

"இல்லை."

தணிகாசலம் பேனாவை மூடி சட்டைப் பையில் சொருகிக்கொண்டார்.

"அப்ப பத்திரமாப் பாத்துக்கினு இருங்க சார். ஊர் பூரா அத்தினி காப்பி கீது... ஒருத்தனுக்கும் ஒதவாத காப்பி உங்க பீரோவுல கீற அது ஒண்ணுதான்."