பக்கத்து நாற்காலிக்கும் சேர்த்து

கேமரா அவனை நடுவில் வைக்கவில்லை.

அதன் முன்னால் இருந்தது அவன் ஒருவன்தான். விற்பனைக்காரர் திரைக்குப் பின்னால் குனிந்து வயர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஆள் அறையில் எந்த மூலையில் உட்கார்ந்தாலும் தேடிப் பிடித்துத் திரையின் நடுவில் நிறுத்தும் என்று விளம்பரத்தாளில் போட்டிருந்தது. தேடியது, பிடித்தது. பிடித்த பிறகு அவனை வலது ஓரமாக ஒதுக்கிவிட்டு, இடது பக்கம் இன்னோர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டது.

"புத்திசாலி கேமரா சார். ஒரு ஆளைப் பிடிச்சா விடவே விடாது" என்றது பின்னாலிருந்து குரல்.

"பக்கத்துல யாருமே இல்லையே."

"காலி நாற்காலியை ஆளுன்னு நினைச்சிருக்கும். சில ஆபீஸ்ல ஆளையே நாற்காலின்னு நினைக்குது. அதுக்கு இது எவ்வளவோ மேல்."

அவன் அந்தக் காலி நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டான். அது உருண்டு சுவரோரம் போய் நின்றது. திரையில் இடம் அப்படியே இருந்தது.

இது மூன்றாவது கம்பெனியின் கேமரா. முதல் இரண்டும் இதே தப்பைத்தான் செய்தன. 'ஆளை நடுவில் நிறுத்தத் தெரியவில்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டான். எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. கேமரா மாற மாற, அவனுக்கும் அந்தக் காலி இடத்துக்கும் நடுவில் இருந்த தூரம் குறைந்துகொண்டே வந்தது. இப்போது தோளோடு தோள்.

பாதிப் பேர் அறையிலும் பாதிப் பேர் வீட்டிலும் இருந்தபடி ஒரே நேரத்தில் கொட்டாவி விடும் ஏற்பாட்டுக்கு அலுவலகம் 'கலப்பு முறை வேலை' என்று பெயர் வைத்திருந்தது. அந்தக் கொட்டாவி இரண்டு பக்கமும் துல்லியமாகத் தெரியவேண்டும் என்று எல்லாக் கூட்ட அறைகளுக்கும் புதிய காணொளிக் கருவிகள் வாங்கத் தீர்மானமாகி, தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நிர்வாகப் பிரிவிலிருந்த அவன் தலையில் விழுந்தது. விழுந்தது என்பதுகூடச் சரியில்லை. அவனே இழுத்துப் போட்டுக்கொண்டது. பழைய கருவி மக்கர் செய்கிறது, ஒலி அறுந்துபோகிறது என்று பிரிவுத் தலைவியான மேடத்திடம் சொன்னவன் அவன்தான்.

பழைய கருவியில் ஒரு கோளாறும் இல்லை.

கணக்குப் பிரிவில் ஒருவர் இருந்தார். முதுகுவலிக்காரர், வீட்டிலிருந்தேதான் வேலை. 'இன்னொண்ணு அண்ணன்' என்று பட்டப்பெயர். கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்திருக்கும் நேரம் பார்த்து, "இன்னொண்ணு..." என்று ஆரம்பிப்பார். அவர் தலைக்கு மேல் ஓடும் மின்விசிறியும் கடக், கடக் என்று கூடவே ஆரம்பிக்கும். கருவியின் கட்டுப்பாட்டுப் பலகை மேசைமேல், அவன் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. அண்ணன் அடுத்த வார்த்தைக்கு மூச்சு இழுப்பதற்குள் அவருடைய ஒலியை நிறுத்திவிடுவான். "லைன் சரியில்ல போல" என்று வருத்தமாக முகத்தை வைத்துக்கொள்வான். வெளியே போகும்போது நாலு பேர் முதுகில் தட்டிக்கொடுப்பார்கள். நிர்வாகப் பிரிவு செய்த சேவைகளில் ஊழியர்கள் மனதாரப் பாராட்டியது அது ஒன்றைத்தான்.

கடைசிக் கூட்டத்திலும் அப்படித்தான். திரையில் அண்ணனின் வாய் அசைந்தது. ஒரு கை மார்பின்மேல் இருந்தது. இன்னொரு கை கேமராவைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தது.

"அண்ணன் இன்னைக்கு ஊமைப்படம் காட்டுறாரு" என்றான்.

அறையே சிரித்தது. மேடமும் சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் இணைப்பைத் துண்டித்தான்.

அவர் மனைவி வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டதாம்.

இன்று காலை அந்த அக்கா கூப்பிட்டிருந்தார். "தம்பி, கடைசியா உங்ககூடத்தானே பேசிட்டிருந்தாரு? ஏதாவது சொன்னாரா?"

"லைன் சரியில்லக்கா. ஒண்ணுமே கேக்கல."

"ஒரு வார்த்தைகூடவா?"

"இல்லக்கா."

அக்கா மூக்கை உறிஞ்சினார். பிறகு, "பரவால்லப்பா. நீ என்ன பண்ணுவே, பாவம். சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்தார். திட்டியிருந்தால் மறந்திருப்பான். அந்த 'சாப்பிட்டியா' காலையிலிருந்து தொண்டையை விட்டு இறங்கவில்லை.

"வெளிச் சத்தத்தை எல்லாம் வடிகட்டிரும் சார்" என்று விற்பனைக்காரர் நிமிர்ந்தார். "நாய், ஹாரன், மின்விசிறி, பக்கத்து வீட்டுச் சண்டை, எதுவும் கேக்காது. இன்னொரு மைக்கை வண்டியிலயே விட்டுட்டேன். மேடம் லைன்ல வந்தா பேசிட்டிருங்க, இதோ வந்துடறேன்."

கண்ணாடிக் கதவு மெதுவாக வந்து மூடிக்கொண்டது. எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பிவிட்டிருந்த மாலை. வெளியே மேசை வரிசைகளின் மேல் வெளிச்சம் மங்கிக்கொண்டே போனது. புதுத் தரைவிரிப்பின் பசை நாற்றமும் பிரித்த அட்டைப்பெட்டியின் வாசனையும் குளிர்ந்த காற்றில் கலந்து மூக்கில் ஏறின. ஒலி எதிரொலிக்காமல் இருக்கச் சுவரில் ஒட்டியிருந்த சாம்பல்நிற மெத்தைகள் அவன் மூச்சைக்கூட வாங்கி விழுங்கிக்கொண்டிருக்க, அந்த விழுங்கலுக்குள்ளிருந்து, எங்கோ தூரத்தில் ஆரம்பித்ததுபோல, ஒரு சத்தம் மெல்ல வந்தது.

கடக். கடக்.

ஏசி அறை. அண்ணாந்து பார்த்தான். விட்டத்தில் விளக்குகள் மட்டும்தான்.

ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைத்தான். கடக். முழுதாக அணைத்தான். கடக். பலகையின் மூலையில் ஆட்களை எண்ணிக் காட்டும் கட்டம் இருந்தது. 'அறையில்: 2' என்றது. கைக்குட்டையால் கேமராவின் கண்ணைத் துடைத்தான். நன்றாகத் துடைத்தான். மறுபடி பார்த்தான்.

அறையில்: 2.

எழுந்து ஓடியிருப்பான். அதற்குள் திரையில் மேடம் வந்துவிட்டார். வீட்டுச் சாப்பாட்டு மேசை, பின்னால் புத்தக அலமாரி. மனித முகம். அவனுக்கு உயிர் வந்தது. ஒலிபெருக்கியைத் திரும்பப் போட்டான்.

"அட, பரவாயில்லையே! ரெண்டு பேருமே பளிச்சுன்னு தெரியறீங்க. இதையே வாங்கிடலாம்ப்பா."

"மேடம்... ரெண்டு பேரா?"

"பக்கத்துல விற்பனைக்காரர்தானே? ஏன் நெஞ்சைப் பிடிச்சுட்டு உக்காந்திருக்காரு? தண்ணி ஏதாவது குடு."

அவன் இடது பக்கம் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. கழுத்தின் அந்தப் பக்கம் மட்டும் சில்லிட்டது. சுவரோரம் தள்ளிய நாற்காலி இப்போது அங்கே இல்லை என்பதைக் கடைக்கண்ணே சொல்லிவிட்டது.

சொல்லிவிடலாம். சொன்னால் போய்விடும். அவனுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. வேலை போகட்டும். அக்கா காறித் துப்பட்டும். இப்போதே, இந்த மூச்சிலேயே.

"மேடம், அன்னைக்கு லைன் நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் அண்ணனோட சத்தத்தை நிறுத்தினேன். எப்பவுமே நான்தான்..."

மேடம் தன் காதைத் தொட்டுக் காட்டினார். "கேக்கலப்பா."

பலகையில் மைக் அடையாளம் சிவந்திருந்தது. அழுத்தினான். பச்சை. வாயைத் திறந்தான். சிவப்பு. அழுத்தினான். பச்சை. சிவப்பு. பலகையின் கண்ணாடியில் அவன் விரல்ரேகை பதிந்திருந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு ரேகை. ஈரமாக.

கத்தினான். கையை ஆட்டினான். மார்பு இறுகியது.

மேடம் சிரித்தார். "என்னப்பா இது, ஊமைப்படமா?"

கடக். கடக். கடக்.

அப்போது கேமரா அசைந்தது. மெதுவாக. இடது பக்கமாக. திரையின் மூலையில் ஓடிய அறைப் படத்தில் அவன் வலது ஓரத்துக்கு நழுவினான். பாதி முகம். ஒரு காது. ஆடிக்கொண்டிருந்த விரல் நுனிகள். அப்புறம் அதுவும் இல்லை. நடுவில், அளந்து வைத்ததுபோல, காலி நாற்காலி. அதன் முதுகு மெல்ல முன்னுக்குச் சாய்ந்தது. கூட்டம் முடியும் நேரம் பார்த்துப் பேச ஆரம்பிப்பவர் சாய்வதுபோல.

மைக் பச்சையானது.

மேடத்தின் சிரிப்பு நின்றது. கண்கள் திரையின் நடுவிலேயே நின்றன. கை தானாக வாய்க்குப் போனது.

"கேக்குதுண்ணா..." என்றார், குரல் நடுங்க. "நல்லாக் கேக்குது. சொல்லுங்க."

அவன் மேசையைக் குத்தினான். சத்தம் வரவில்லை. கதவு திறந்தது. விற்பனைக்காரர் கையில் மைக்குடன் எட்டிப் பார்த்தார். அவர் பார்வை அவன்மேல் படாமல் தாண்டிப் போய்ப் பக்கத்து நாற்காலியில் நின்றது.

"மீட்டிங் ஓடுதா? மன்னிச்சுக்குங்க சார், நீங்க பேசுங்க" என்று பணிவாகச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

திரையில் மேடம் அழுதுகொண்டே தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பலகையின் மூலையில் எண் மாறியது.

அறையில்: 1.