ரேடியோ மாமாவின் மேடு

வீட்டில் அவளைக் 'குடைச்சல்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவ்வளவு கேள்வி கேட்பாள். அன்று அந்தக் குடைச்சலுக்கே தலை சுற்றியது.

நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் அவர்கள் தெருவை ஒரு பெரிய இயந்திரம் சுரண்டிக்கொண்டே வந்தது. சுரண்டிய கறுப்புத் தூளும் ஜல்லியும் லாரியில் விழுந்தன.

"இந்தக் குப்பையை எங்கே கொட்டுவீங்கக்கா?" என்று ரோலர் ஓட்டும் அக்காவிடம் கேட்டாள்.

"குப்பையா? சுடவச்சு, புதுத் தார் கலந்து, சாயங்காலம் இங்கேயே போட்டுடுவோம்."

"அப்புறம் எதுக்குச் சுரண்டினீங்க?"

"மேலே ஒரே விரிசல். ஜல்லி நல்லாத்தான் இருக்கு. அதை ஏன் வீணாக்கணும்?"

அப்படியென்றால் வரப்போவது பழைய ரோடா, புது ரோடா? அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

சாயங்காலம் தெரு வழவழவென்று இருந்தது. ரேடியோ பழுதுபார்க்கும் பக்கத்து வீட்டு மாமா கம்பைத் தட்டிக்கொண்டே ஓரமாக வந்தார். அவருக்குக் கண் தெரியாது. தன் வீட்டைத் தாண்டிப் போனார். நின்றார். திரும்பி வந்து, மறுபடியும் தாண்டிப் போனார்.

"மாமா, உங்க வீடு இங்கே இருக்கு."

"என் வாசல்ல, ரோட்டோரமா ஒரு மேடு இருக்குமேம்மா. கம்பு அதுல தட்டினா திரும்பிடுவேன். இப்போ எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. நான் எங்கே நிக்கிறேன்னே தெரியலை."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கால் இடறும்போதெல்லாம் அப்பா திட்டித் தீர்த்த மேடு அது. லாரியில் போய், தாரோடு கலந்து, இந்தத் தெருவிலேயே எங்கோ கிடக்கிறது. அதை எப்படித் தேடுவது?

மாமாவை வீட்டில் விட்டுவிட்டு, தெருக்கோடிக்கு ஓடினாள்.

"அக்கா, அந்த மேட்டைத் திருப்பிக் குடுங்க."

விஷயத்தைக் கேட்டதும் அக்கா தலையைச் சொறிந்தார். "இருபது வருஷமா ரோடு போடறேன். மேடு வேணும்னு யாரும் கேட்டதில்லை."

"ரோட்டுல வேண்டாம். மாமா வீட்டு கேட்டுக்கு முன்னாடி, மண் ஓரத்துல. வண்டி ஏறாத இடமா பாத்து."

லாரியில் மிச்சமிருந்த கலவையை அக்கா ஒரு மண்வெட்டி அள்ளிவந்தார். கேட்டருகே வைத்துத் தட்டினார். "நாளைக்கு இறுகிடும். இன்னைக்குத் தொடாதே."

மறுநாள் மாமா வந்தார். கம்பு 'டொக்' என்றது. சட்டென்று நின்று, குனிந்து தடவிப் பார்த்தார்.

"இது பழசா, புதுசா?"

குடைச்சலும் குனிந்து தொட்டுப் பார்த்தாள்.

"எனக்கே தெரியலை மாமா. ஆனா உங்களோடதுதான்."