அழுத்த அறையில் காணாமல் போன காற்று

"அவர் பாதத்தையே எடுத்துடணும்னு சொல்றாங்க சார். அந்த ஆபரேட்டர்தான் ஏமாத்துறான்" என்று துப்பறிவாளரிடம் சொன்னாள் வந்தவள், உட்காருவதற்கு முன்பே.

அவள் தையல்காரி. கணவர் பேருந்து ஓட்டுநர். சர்க்கரை நோயால் பாதத்தில் ஆறாத புண். காற்றழுத்தம் கூட்டிய அறையில் நாலைந்து பேரோடு உட்கார்ந்து, முகமூடி வழியே சுத்தமான ஆக்சிஜனைச் சுவாசிக்கிறார். அது ரத்தத்தில் அதிகமாகக் கலந்தால் புண் ஆறும் என்றார்கள். தொடக்கத்தில் ஆறவும் செய்தது. பிறகு அப்படியே நின்றுவிட்டது. அறையை இயக்கும் ஆபரேட்டர் ஆக்சிஜனைக் குறைத்துவிடுகிறார் என்பது அவள் சந்தேகம். திங்கட்கிழமை டாக்டர் முடிவு சொல்வார்.

துப்பறிவாளர் உதவியாளனையும் அவளையும் கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். பெரிய இரும்புப் பீப்பாய் போன்ற அறை. வட்டக் கண்ணாடி வழியே ஓட்டுநர் தெரிந்தார், முகமூடியும் அடர்ந்த தாடியுமாக.

"இந்த வயசுல காதல் தோல்வியா சார்?" என்று உதவியாளன் கிசுகிசுத்தான். துப்பறிவாளர் ஆபரேட்டரிடம் போய், ஆக்சிஜன் ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டார்.

ஆபரேட்டர் கடுகடுத்தார். "ஆக்சிஜனை மிச்சம் பிடிச்சு நான் வீட்டுக்கா கொண்டு போகப் போறேன்? இவர் உள்ள இருந்தாலே எனக்குத் தலைவலி. அறைக்காத்துல ஆக்சிஜன் ஏறிக்கிட்டே இருக்கு. ஒரு பொறி பட்டா அவ்வளவுதான். காத்தை மாத்தி மாத்தி எனக்குக் கையே ஓஞ்சு போச்சு."

சிகிச்சை முடிந்து கதவு திறந்தது. உள்ளே பாதி குடித்து மூடிய தண்ணீர் பாட்டில் இப்போது உப்பியிருந்தது; ஓட்டுநர் அதை வெளியே வந்து திறந்தார். புஸ்ஸென்று காற்று வெளியேறியது.

"ஆபரேட்டர் முழிக்கிற முழியே சரியில்ல சார்" என்றான் உதவியாளன்.

"அவர் மேல தப்பில்லப்பா" என்றார் துப்பறிவாளர். "உள்ள மூடின பாட்டில் வெளியில வந்து உப்பியிருந்துச்சு. அப்ப அழுத்தம் சரியா இருந்திருக்கு. அறையில ஆக்சிஜன் ஏறுது. அப்ப குழாய்லயும் வருது. வந்தது மூக்குக்குப் போகாம அறைக்குள்ள கசியுது. முகமூடிக்கும் கன்னத்துக்கும் நடுவுல என்ன இருக்கு?"

உதவியாளன் அசடு வழிந்தான். "தாடி சார்."

"எப்பலேர்ந்து வளர்க்கிறீங்க?" என்று துப்பறிவாளர் ஓட்டுநரிடம் கேட்டார்.

ஓட்டுநர் தாடியைத் தடவினார். மனைவிதான் பதில் சொன்னாள். "புண் கொஞ்சம் ஆற ஆரம்பிச்சதும் இவருக்குத் தெம்பு வந்துடுச்சு. முழுசா ஆறுற வரைக்கும் சவரம் பண்ண மாட்டேன்னு சபதம் போட்டார். நானும் சரின்னுட்டேன்."

"சவரம் பண்ணினாத்தான்மா ஆறும்."

டாக்டர் நம்பாமல்தான் அவகாசம் கொடுத்தார். சில வாரங்கள் கழித்துத் துப்பறிவாளரின் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மழமழவென்ற முகத்தோடு ஓட்டுநர் மெதுவாக, தம் இரண்டு கால்களால் ஏறி வந்தார். பின்னால் வந்த மனைவி, ஆபரேட்டருக்கென்று தைத்த புதுச் சட்டையைக் கையில் வைத்திருந்தாள்.

"நீங்களே கொடுத்துடுங்க சார்" என்றாள். "எனக்கு அவர் முகத்துல முழிக்க வெக்கமா இருக்கு."