ஈரம் காயாத சீட்டு

அன்று காலை சுகிர்தம் எடுத்த சீட்டு ஈரமாக இருந்தது.

ஐப்பசி அடைமழையில் ராயபுரத்தில் எதுதான் ஈரமில்லை என்று முந்தானையால் துடைத்தாள். ஆனால் மழை ஈரம் நூல் இழுக்காது. சீட்டுக்கும் துணிக்கும் நடுவே மூக்குச்சளிபோல் மெலிதாக ஒரு நூல் நீண்டு, அறுந்து, அவள் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டது.

சீட்டுக்கட்டைக் கொடுத்தவர் சௌக்கத் அலி பாய். கப்பல்களில் சமையல்கட்டு வேலை பார்த்து ஓய்ந்தவர். இப்போது துறைமுகத்திலிருந்து கிழிந்த படுக்கை விரிப்புகளைக் கொண்டுவந்து அவளிடம் தைக்கக் கொடுப்பார். ஒருநாள் மூட்டையோடு இந்தக் கட்டையும் வைத்தார். உள்ளங்கையைவிட நீளமான சீட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு விநோதப் படம். பிரான்சில் மார்சேல்ஸ் துறைமுகத்தில் ஒரு கிழவி அவருக்குப் பழக்கியதாம்.

"ஜோசியமா பாய்? எங்க மாதா கோயில் சாமியாருக்குத் தெரிஞ்சா திட்டுவாரு."

"ஜோசியம் இல்ல தங்கச்சி. நாளிக்கு இன்னா நடக்கும்னு இது சொல்லாது. காலைல ஒண்ணை எடு, படத்தைப் பாரு, மனசுல இன்னா தோணுதோ அத்த வாய்விட்டுச் சொல்லு. நம்முளுக்குள்ள கீறது நம்முளுக்கே தெரியாது. இது அத்த வெளிய இஸ்துவுடும், அவ்ளோதான். கொஞ்ச நாளா உன் மூஞ்சி சரியில்லியே, அதான் குடுத்தேன்."

முகம் சரியில்லாததற்குக் காரணம் வீட்டுக்குள் இருந்த தடுப்புக்கு அந்தப் பக்கம் கிடந்தது. அவள் நாத்தனார் ஞானபாக்கியம் வாதம் அடித்துப் படுத்து இரண்டு வருஷம். பேச்சும் போய், கண் மட்டும் உயிரோடு இருந்தது. கஞ்சி ஊட்டுவது, மலம் துடைப்பது, முதுகில் விழுந்த படுக்கைப் புண்ணுக்குக் கட்டு மாற்றுவது எல்லாம் சுகிர்தம்தான். முகம் சுளிக்காமல் செய்தாள். கோயிலில் அவளைக் கண்டால் பெண்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள், புனிதை ஒருத்தி நடந்து போவதுபோல.

முதல் நாள் சீட்டில், காலில் கயிறு கட்டித் தலைகீழாகத் தொங்கும் ஒருவன் வந்தான். அவன் முகத்தில் வலியே இல்லை.

"என்ன மாதிரியே கீறான்," என்றாள் தனக்கே கேட்கும் குரலில். "தொங்கவுட்டாலும் சிரிச்சிகினு."

சொன்னதும் அழுகை வந்தது. வெகுநாளைக்குப் பிறகு அன்று மத்தியானம் அசந்து தூங்கினாள். அடுத்தடுத்த நாட்களில் தன் களைப்பைச் சொன்னாள். புருஷன் மேலிருந்த கோபத்தைச் சொன்னாள், பிள்ளையில்லாத ஏக்கத்தைக்கூடச் சொன்னாள். ஒவ்வொன்றும் சொன்ன மாத்திரத்தில் லேசானது.

பத்தாம் நாள், சிங்கத்தின் வாயை இரு கையாலும் பிளந்து பிடித்திருக்கும் ஒரு பெண் வந்தாள். அந்த வாயைப் பார்த்ததும் சுகிர்தத்துக்கு ஞானபாக்கியத்தின் வாய்தான் தெரிந்தது: ஒரு பக்கம் தொங்கி, ஓரத்தில் கஞ்சி காய்ந்து பொருக்குத் தட்டி, நாக்கின்மேல் புளித்த மாவுபோல் வெள்ளை படிந்து, கரண்டியை எடுக்கும்போதெல்லாம் எச்சில் அவள் விரல் வழியே முழங்கைவரை வெதுவெதுப்பாக இறங்கும் அந்த வாய்.

"எனக்கு இவளைத் தொட அருவருப்பா கீது," என்றாள். "ரெண்டு வருசமா அருவருப்பாத்தான் கீது."

தடுப்புக்கு அப்பால் இழுத்துக்கொண்டிருந்த மூச்சு ஒரு கணம் நின்றது. பிறகு ஓடியது. சுகிர்தம் அதைக் கேட்டாள்; கேட்காததுபோல் எழுந்து போனாள். அன்று கட்டு மாற்றவில்லை. மறுநாளும் மாற்றவில்லை.

அதற்கு மூன்றாம் நாள்தான் சீட்டு ஈரமாக இருந்தது.

மணிக்கட்டைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், சாம்பலால் தேய்த்தாள், எலுமிச்சைத் தோலால் உரசினாள். ஒட்டிய நூலின் வாடை போகவில்லை. கருவாடு, ரயில் யார்டிலிருந்து வரும் கரிப்புகை, மழையில் பொங்கிய சாக்கடை என்று அந்தத் தெருவின் நாற்றமெல்லாம் அவளுக்குப் பழக்கம். இது இனித்தது. அழுகிய பலாச்சுளைக்குள் சீழ் ஊற்றியதுபோல் இனித்து, மூக்கில் ஏறி, நாக்கின் அடியில் ருசியாகத் தங்கியது.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அவள் புருஷன் சூசைநாதன் சாப்பிட வந்தான்.

"இன்னா நாத்தம் இது?" என்றாள்.

அவன் மூக்கை உறிஞ்சினான். "ஒண்ணியும் காணோமே. அக்காவுக்குக் கட்டு மாத்துனியா?"

"மாத்துனேன்."

அவன் தடுப்புக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். "அக்கா மூஞ்சி தெளிஞ்சிகீது. கன்னத்துல சதகூட வெச்சிகீது. எல்லாம் நீ பாத்துக்கிறதுதான்." சோற்றைப் பிசைந்தபடி அவளைப் பார்த்தான். "நீதான் வெளுத்துட்ட."

அவன் போனபின் சுகிர்தம் சீட்டுக்கட்டைக் கடலில் போட்டுவிடுவதென்று எடுத்தாள். தெருக்கதவுவரை போனாள். இன்னும் ஒன்று. ஒன்றே ஒன்று. தனக்குள் வேறென்ன இருக்கிறதென்று பார்த்துவிடலாம் என்று நின்ற இடத்திலேயே உருவினாள்.

படம் இல்லை. சீட்டு வெதுவெதுப்பாக இருந்தது. மனிதத் தோல்போல் மேலெல்லாம் பூனைமயிர். நடுவில் காசளவு சிவப்பு. கட்டைவிரல் பட்டதும் அது உள்வாங்கியது.

கீழே போட்டாள். தொப்பென்று விழுந்தது, கறித்துண்டு விழுவதுபோல்.

பயத்தில் அவளுக்குத் தோன்றியது ஒன்றுதான்: புண்ணைக் கழுவ வேண்டும், இப்போதே. பஞ்சும் வெந்நீரும் எடுத்துக்கொண்டு தடுப்புக்குள் ஓடினாள்.

"அக்கா, கொஞ்சம் திரும்பிக்கோக்கா."

வழக்கமாக முக்கி முனகிப் புரட்ட வேண்டிய உடம்பு. கை வைக்குமுன் தானாகத் திரும்பியது.

கட்டு காய்ந்திருந்தது. பிரித்தாள். ஒரு சுற்று. இரண்டு சுற்று. கடைசித் துணியும் உதிர்ந்தது.

புண் இல்லை. வடுவும் இல்லை. குமரிப்பெண் முதுகுபோல் வழவழப்பாக, பளபளப்பாக இருந்தது.

வெந்நீர்ச் செம்பு கைநழுவி உருண்டது. பகல் வெளிச்சத்தில் ஈக்கள் ஜன்னல் வழியே வந்தன. படுக்கையில் ஒன்றும் உட்காரவில்லை. சுகிர்தத்தைச் சுற்றி வந்தன. அவள் முதுகுப்பக்கம் போயின. திரும்பி வரவில்லை.

ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. வேர்வை என்று நினைத்திருந்தாள். காலையிலிருந்து.

கையைப் பின்னால் வளைத்தாள். துணியை விலக்கினாள். விரல் தேடியது. முதுகெலும்பு. அதற்குப் பக்கத்தில் தோல். பிறகு தோல் இல்லை.

வலிக்கவில்லை. விரல் ஒரு கணு போனது. இரண்டாவது கணுவும் போனது. உள்ளே சூடாக, கொழகொழவென்று இருந்தது.

இழுத்தாள். வரவில்லை.

பல்லில்லாத ஏதோ ஒன்று அவள் விரலைக் கவ்வி, பசித்த குழந்தை மாரைச் சப்புவதுபோல், நிதானமாகச் சப்பத் தொடங்கியிருந்தது.