சுண்ணாம்பு தீண்டா மன்னர்

கதிரவன் மேல்மலைக்குப் பின்னே இறங்கி, கார்காலப் புதுவெள்ளம் சுழித்தோடிய நீலியாற்றின் மீது செம்பொன்னைக் கரைத்து ஊற்றிய அந்தி வேளையில், நெடுங்குன்றக் கோட்டையின் ஆற்றுமுக மண்டபத்தில் புலவன் ஆடவல்லான் கைகள் கட்டப்பட்டு நின்றான். எதிரே தீச்சட்டி. அதனருகே அவன் எழுதிய 'நஞ்சுண்ட வேந்தன்' கூத்தின் ஓலைகள். அந்தி மணி ஒலிப்பதற்குள் அவற்றைத் தன் கையாலேயே கொளுத்த வேண்டும். மறுத்தால் அந்தக் கை இராது. மன்னர் வல்லபராயரின் ஆணை அது.

அன்பார்ந்த வாசகர்களே, ஆணைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அக்கூத்தில் ஒரு தண்டநாயகன் தாம்பூலச் சுண்ணாம்பில் நஞ்சு கலந்து தன் வேந்தனைக் கொல்கிறான். கூத்து அரங்கேறிய சில நாளிலேயே, மன்னரின் தாம்பூலப் பெட்டியிலிருந்த சுண்ணாம்பைச் சுவைத்த, அப்பெட்டியை ஏந்தும் அடைப்பைக்காரன் சாத்தன் நுரை தள்ளி விழுந்தான். பெட்டியில் உள்ள ஒவ்வொன்றையும் முதலில் தன் வாயிலிட்டுப் பார்ப்பது அவன் கடமை. ஆடவல்லானின் இளமைத் தோழன் அவன். இன்னும் கண் திறக்கவில்லை.

"கொலைக்கு வழி சொல்லிக் கொடுத்தவன் நீ," என்றார் தண்டநாயகர் களப்பாளராயர். "போதாததற்கு, கொலைகாரனுக்கு என்னைப் போலவே மீசை வைத்திருக்கிறாய்."

"அந்த மீசை வேடக்காரனுடையது, ஐயா. நான் எழுதவில்லை."

யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். ஆடவல்லானுக்குச் சிரிப்பு வரவில்லை. சாத்தனின் நீலம் பாய்ந்த உதடுகள் கண்முன் நின்றன. அந்த நஞ்சைத் தன் எழுத்தாணியே தொட்டு வைத்ததோ? ஏன் சுண்ணாம்பில்? அங்கேதான் அவன் மனம் நின்றது.

"பெருமானே, தாங்கள் சுண்ணாம்பு தரிப்பதில்லை."

மன்னரின் முகம் இறுகியது. "அதை ஏன் இங்கே இழுக்கிறீர்?"

"மன்னிக்க வேண்டும். மறைந்த அரசியார் தம் விரலால் தடவித் தந்ததே தங்களுக்குக் கடைசிச் சுண்ணாம்பு. இப்போது அது வழக்கத்துக்காக மட்டுமே பெட்டியில் இருக்கிறது. ஊரறிந்த செய்தி. தங்களைக் கொல்ல நினைக்கும் நம்மவர் எவரும் அதைத் தொட மாட்டார்."

"சுண்ணாம்பில்லாத தாம்பூலமா?" விருந்தினர் வரிசையிலிருந்து குதிரை வணிகர் சீலவர்மர் நகைத்தார். "கூத்தில் நம் கண்ணாலேயே பார்த்தோமே, மன்னர் தடவித் தின்றதை."

"அது வேறு மன்னர், ஐயா," என்றான் ஆடவல்லான் மெதுவாக. "என் கற்பனையில் பிறந்தவர்."

ஊரறிந்த செய்தியை அறியாத வணிகரை மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவர் முகத்திலிருந்த நகை மறைந்தது. தண்டநாயகர் பாய்ந்து பற்றியபோது அவர் கையில் வெறும் சால்வைதான் மிஞ்சியது. வணிக வேடத்தில் வந்திருந்த மேல்மலைப் பகைவனின் ஒற்றன் மதிலேறி ஆற்றில் குதித்துவிட்டான். சுழல் அவனை விழுங்கியதா, கரை சேர்த்ததா, யாருக்கும் தெரியவில்லை.

கட்டு அவிழ்ந்தது. ஆயினும் மன்னர் ஓலைகளைக் காட்டினார். "அந்தக் காட்சி இருக்கத்தான் வேண்டுமா? அதைப் பார்த்துத்தானே அவன் துணிந்தான்?"

"கொல்லவென்றே வந்தவன், பெருமானே. அன்று ஊரே பார்த்தது. மற்றவர்கள் அழுதார்கள், வீட்டுக்குப் போய் உறங்கினார்கள்."

மன்னர் ஆற்றைப் பார்த்தபடியே சொன்னார்: "நானும் அழுதேன். அரசி போன பிறகு அன்றுதான்."

அதற்குமேல் வழக்காட ஆடவல்லானுக்கு மனம் வரவில்லை. விடுபட்ட வலக்கையைத் தீச்சட்டியின் மேல் நீட்டினான்.

"இந்தத் தீ சாட்சி. சாத்தன் எழுந்து முன்வரிசையில் உட்காரும் நாளில், ஓர் அடியும் குறைக்காமல் இதை ஆடுவிப்பேன். அவன் எழாவிட்டால் அவன் மனைவிக்கு முழுவதும் படித்துக் காட்டுவேன். கேட்டு முடித்து அவள் கொளுத்தச் சொன்னால், இதே கையால் கொளுத்துவேன். வேறு யார் சொன்னாலும் மாட்டேன், பெருமானே. தாங்கள் சொன்னாலும்."