மத்தியான அப்பா

தலையணை வெதுவெதுவென்று இருந்தது.

வேலை முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் தொப்பென்று விழுந்தவனுக்கு முதலில் அது சுகமாகத்தான் இருந்தது. நாலு மணிக்கே இருட்டிவிடுகிற குளிர்காலம். பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து வந்ததில் காது மடல் இரண்டும் மரத்துப் போயிருந்தன. கன்னத்தை அந்தச் சூட்டில் அழுத்திக்கொண்டு, சுவருக்குள் ஓடும் வெந்நீர்க் குழாய் டக் டக்கென்று அடித்துக்கொள்வதைக் கேட்டபடி, அரைத் தூக்கத்தில் கிடந்தான். பிறகுதான் உறைத்தது. பாதி போய் நாலு நாளாயிற்றே. அப்புறம் இது யார் படுத்த சூடு?

பாதி என்றால் கட்டில் பாதி. அந்த வீட்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு ஆள். பகல் வேலைக்காரன் எழுந்து போனதும் ராத்திரி வேலைக்காரன் வந்து அதிலேயே படுப்பான். அவன் கிளம்பிப் போன பிறகு இவன். ஊரில் பெண்டாட்டியைப் பாதி என்பார்கள். இங்கே படுக்கையில் பங்கு கேட்கிறவன்தான் பாதி. இவனுக்கு வாய்த்தது ஒரு சாமான் அறை; ஒற்றைக் கட்டில் போட்டால் மிச்சம் நிற்க ஒரு முழம் இடம், ஜன்னல் என்ற பேச்சே கிடையாது. அதிலும் பகலெல்லாம் இன்னொருத்தன். மூன்று வருஷம் ஒரே கட்டிலில் படுத்தும் தன் பாதியின் முகத்தை இவன் நேராகப் பார்த்தது நாலைந்து தடவை இருந்தால் அதிகம். அவன் தலை எண்ணெய் வாசம் தெரியும், அவன் இருமல் மருந்து தெரியும், அவ்வளவுதான்.

வீட்டைப் பார்த்துக்கொண்டு எல்லாருக்கும் சோறு பொங்குகிறவரைச் சமையல் அண்ணன் என்று கூப்பிடுவார்கள். இவன் எழுந்து நேரே அவரிடம் போனான்.

"அண்ணே, தலையணை சூடா இருக்கு. என் கட்டில்ல புதுசா யாரையாவது விட்டிருக்கீங்களா?"

"எவனை விடுறது? இன்னும் ஆளே கிடைக்கல. உன் பாதியோட சாவி இதோ ஆணியில தொங்குது பாரு." கரண்டியாலேயே காட்டினார். "நீ லீவுல கிளம்புற வரைக்கும் ராஜா மாதிரி ஒண்டியா படுத்துக்கோடா. குழாய்ச் சூடா இருக்கும்."

"அவன் எங்க போனான்ணே?"

"யாருக்குத் தெரியும்? லீவு கிடைச்சுது, ஊருக்குப் போகப் போறான்னு பார்த்தா, கட்டில்ல உக்காந்து ஓன்னு அழுதான். 'வீட்ல வேற ஆள் இருக்கான்ணே'ன்னான். அப்புறம் ராத்திரியோட ராத்திரியா காணோம்."

அதைக் கேட்டு அன்றைக்கே வீடு முழுக்கச் சிரித்தது. பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் என்று ஆளாளுக்கு ஒரு கதை கட்டினார்கள். இவனும்தான் சிரித்தான். அவன் விட்டுப்போன நல்ல கோட்டு ஒன்று கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கோட்டுக்கும் இவனுக்கும் பழைய சம்பந்தம் உண்டு. ஆஸ்பத்திரி விரிப்புகளைத் துவைக்கிற தொழிற்கூடத்தில்தான் இவனுக்கு வேலை. காலை ஆறிலிருந்து சாயங்காலம் வரை, ஆள் நீளத்துக்குக் கொதித்துக்கொண்டு உருளுகிற இஸ்திரி உருளைக்கு முன்னால் நின்று, ஈர விரிப்பை விளிம்பு பிடித்து உள்ளே கொடுக்க வேண்டும். பத்து விரலிலும் தழும்பு. வெளுப்பு மருந்தின் நெடி சோற்றிலும் வரும், தூக்கத்திலும் வரும். ஆனால் வந்த முதல் வாரமே மனைவி, "என்னங்க வேலை?" என்று கேட்டபோது பின்னால் மாமியார் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். கடல் தாண்டிப் போயும் அழுக்குத் துணிதானா என்று அந்த வாய் கேட்காமல் விடாது. அதனால், "ஆபீஸ்ல சூப்பர்வைசர்" என்று சொல்லிவிட்டான். அன்றையிலிருந்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற பிழைப்பு. பாதியின் கோட்டை மாட்டிக்கொள்வான். சுவரில் வெள்ளை விரிப்பைக் கட்டுவான். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து வீடியோவில் கூப்பிடுவான். நல்லா இருக்கேன். சாப்பிட்டேன். நல்லா தூங்குறேன். குளிர் பழகிடுச்சு. தனி ரூம், ஜன்னலைத் திறந்தா பூங்கா. பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். இவனுக்கு நிஜமாகவே பாதி நாள் ரொட்டித் துண்டுதான்.

எல்லாம் மகளுக்காக. உட்காரக்கூடத் தெரியாத குழந்தையை விட்டுவிட்டு வந்தவன். மூன்று வருஷம் முடிந்தால்தான் முதல் லீவு. இப்போது அவள் வாய் ஓயாமல் பேசுகிறாள். அப்பா எங்கே என்று யாராவது கேட்டால் போனைத் தொட்டுக் காட்டுகிறாள். அந்தப் பிள்ளை தன்னை ஒருமுறை தொட்டுப் பார்த்து அப்பா என்று சொல்லிவிட வேண்டும். அதற்குமேல் அவனுக்கு ஒரு ஆசையும் கிடையாது. லீவு இந்த வெள்ளிக்கிழமை. பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் கட்டிலுக்கடியில் தகரப் பெட்டியில் இருந்தன.

அன்று முகம் கழுவிக்கொண்டு வீட்டைக் கூப்பிட்டான். மனைவியின் முகத்தில் ஒரு களை. இந்த மூன்று வருஷத்தில் அப்படிப் பார்த்ததில்லை.

"என்னங்க, மறுபடியும்? மத்தியானம்தானே அவ்வளவு நேரம் பேசினீங்க!"

"மத்தியானமா? நானா?"

"விளையாடாதீங்க. பாப்பாவுக்குக் கதை சொல்லித் தூங்க வச்சதே நீங்கதான். நாலு நாளாத்தான் மனசு விட்டுப் பேசுறீங்க. எங்கம்மாவே மெச்சிக்குது."

வேலை நேரத்தில் போன் தொழிற்கூடத்து அலமாரியில் பூட்டிக் கிடக்கும். தன் போனில் தேடினான். மத்தியானம் ஒரு அழைப்பும் இல்லை. அவளை அவள் போனில் பார்க்கச் சொன்னான். இரண்டு ஊருக்கும் நேரம் அதிகம் தள்ளாது; நாலு நாளும், சரியாகப் பன்னிரண்டரை மணிக்கு, இவன் எண். பாதி ஏதோ சித்து வேலை செய்கிறான் என்று நினைத்தான். மறு சாவி செய்திருப்பான், எண்ணைத் திருடியிருப்பான், இந்தக் காலத்தில் என்னதான் முடியாது! ஆனால் முகம்? பெற்ற தாய்கூட மயங்குகிற மாதிரி முகம் எங்கே கிடைக்கும்?

"அது... அவன் நல்லா இருந்தானா?" என்று கேட்டுவிட்டான். ஏன் அப்படிக் கேட்டான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"யாரு? நீங்களா? சிவப்பா, தெளிவா, மாப்பிள்ளை மாதிரி இருந்தீங்க. இப்ப ஏன் பேய் அறைஞ்ச மாதிரி இருக்கு? பின்னாடி அந்த ஜன்னலைக் காணோமே?"

மகள் போனைப் பிடுங்கினாள். திரை முழுக்க அவள் மூக்கு. உற்றுப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"நீ வேணாம். மத்தியான அப்பா வேணும்."

அடுத்த நாள் தலையணையில் ஒரு முடி கிடந்தது, எண்ணெய் தடவி வாரிய முடி. அதற்கடுத்த நாள் அறையில் சவரச் சோப்பு வாசம். இவன் சவரம் செய்து ஒரு வாரமாகியிருந்தது. விரிப்பில், ஒரு ஆள் ஒருக்களித்துப் படுத்த பள்ளம், இவன் படுப்பது போலவே சுவரைப் பார்த்து, முழங்காலை மடக்கி. அந்தப் பள்ளத்தில் இவன் உடம்பு அச்சாகப் பொருந்தியது. பொருந்தியதும் பதறி எழுந்து, விடிய விடியத் தரையில் குந்தியிருந்தான். குழாய் டக் டக்கென்றது. நடுவில் ஒருமுறை, கட்டில் தன்பாட்டுக்கு முனகியது, யாரோ புரண்டு படுத்ததுபோல.

புதன்கிழமை மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடுவது என்று தீர்மானித்தான். தலைக்குமேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன.

"இந்தா பாரு, நான் சூப்பர்வைசர் இல்ல. துணி வெளுக்கிறேன். எனக்கு ஜன்னலே கிடையாது. மத்தியானம் பேசறவன் நான் இல்ல."

அவள் அழுகிற குரலில் சொன்னாள். "மத்தியானம் நீங்க சொன்னீங்க. சாயங்காலம் ஆனா வேலைக் களைப்புல ஏதேதோ உளறுவேன், மனசுல வச்சுக்காதேன்னு. போய்த் தூங்குங்க. வெள்ளிக்கிழமை பார்க்கத்தானே போறோம்."

வியாழக்கிழமை. பன்னிரண்டு மணிக்கு விரிப்பை உருளைக்குள் பாதியில் விட்டுவிட்டு வெளியே வந்தான். மேஸ்திரி பின்னால் கத்தினார். ஓடினான். பஸ்ஸில் உட்கார முடியவில்லை. மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினான். பகல் வெளிச்சத்தில் அந்த வீட்டுக் கூடத்தை அவன் பார்த்ததே இல்லை. ராத்திரி வேலைக்காரர்கள் தூங்குகிற மூச்சுச் சத்தம், மூடிய கதவு ஒவ்வொன்றுக்கும் பின்னாலிருந்து. சமையலறையில் தாளிக்கிற வாசம். கடைசியில் அவன் அறை. கதவுக்குக் கீழே வெயில் விழுந்திருந்தது.

ஜன்னல் இல்லாத அறையிலிருந்து வெயில்.

உள்ளே பேச்சுக் குரல். அவன் குரல்.

"நல்லா இருக்கேன். சாப்பிட்டேன். நாளைக்கு அப்பா வந்துடுவேன்டா குட்டி."

மகள் சிரித்தாள். எவ்வளவு சிரிப்பு! அவனிடம் ஒரு நாளும் அப்படிச் சிரித்ததில்லை.

சாவியை நுழைத்தான். நுழையவில்லை. நேற்றுவரை திறந்த சாவி. கதவைத் தட்டினான். உதைத்தான்.

"யாருப்பா தட்டறது?" மகளின் குரல்.

"புதுசா வந்த பாதிடா கண்ணு. பாவம். ஆளு சரியில்ல."

பிறகு சத்தமில்லை.

வெயில் அணைந்தது.

கதவு தானாகத் திறந்துகொண்டது. இருட்டு. சவரச் சோப்பு வாசம். ஆள் இல்லை. கட்டிலில் கை வைத்தான். சூடு. குனிந்தான். தகரப் பெட்டி திறந்து கிடந்தது. டிக்கெட் இல்லை. பாஸ்போர்ட் இல்லை. கதவுக்குப் பின்னால் கோட்டும் இல்லை.

"யாருங்க அது?"

சமையல் அண்ணன் கரண்டியோடு கூடத்தில் நின்றார்.

"அண்ணே, நான்தாண்ணே!"

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ஓ, இந்தக் கட்டிலுக்குப் புதுசா வந்தவரா? சொன்னாங்க. உங்க பாதி ஒரு நாள் முன்னாடியே கிளம்பிட்டாருங்க. தங்கமான தம்பி, கால்ல விழுந்து கும்பிட்டுட்டுப் போச்சு. நீங்க உக்காருங்க, சாப்பிட்டீங்களா?"

மூன்று வருஷமாக வாய்க்கு வாய் 'டா' போட்டவர், 'நீங்க' என்றார். அந்த மரியாதையில்தான் அவனுக்கு உடம்பெல்லாம் ஆடிப்போயிற்று. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதை தெரியும். இங்கே ஒண்ட வந்தவன் எவன் என்றுதான் இப்போது சொல்லத் தெரியவில்லை. 'வீட்ல வேற ஆள் இருக்கான்.' ஐயோ பாவி, அன்றைக்கு எப்படிச் சிரித்தோம்!

சனிக்கிழமை சாயங்காலம்வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். எடுக்கவில்லை. ஆறரைக்கு எடுத்தாள். பின்னால் வீடு நிறைய ஆள்கள், பேச்சு, பாத்திரச் சத்தம். மாமியாரே சிரித்துக்கொண்டு போனாள். மனைவி இவன் முகத்தை அப்படியும் இப்படியுமாகப் பார்த்தாள்.

"யாருங்க? புது நம்பரா இருக்கு."

"நான்தான்! நல்லா பாரு, நான்தான்! அவனை உள்ள விடாதே!"

"என்னங்க," என்று அவள் திரும்பி யாரையோ கூப்பிட்டாள். "இந்தாங்க, உங்க வேலை இடத்துல இருந்து யாரோ. பார்க்கவே பாவமா இருக்கு."

போன் கை மாறியது. பிடித்த விரல்களில் ஒரு தழும்பு இல்லை. பிறகு கோட்டு. பிறகு முகம். மழித்து, தெளிந்து, நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கிய அவன் முகம். தோளில் மகள் சாய்ந்து கிடந்தாள். கோட்டுக் காலரைக் கை நிறையப் பிடித்திருந்தாள்.

"அட, நீயா! நல்லா இருக்கியா?" என்றது அது, அக்கறையாக. "சாப்பிட்டியா? தூங்கறியா?"

கத்த வேண்டும். மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். வாயைத் திறந்தான். மூன்று வருஷமாகப் பழகிய வாய்.

"நல்லா இருக்கேன்," என்றான். "சாப்பிட்டேன். நல்லா தூங்குறேன். குளிர் பழகிடுச்சு."

மகள் தலையைத் தூக்காமலே கேட்டாள். "யாருப்பா அது?"

"அப்பா கட்டில்ல படுக்கிற மாமா. டாட்டா சொல்லு."

குட்டி விரல்கள் அசைந்தன. அவனும் தழும்புக் கையைத் தூக்கி அசைத்தான்.