ஆறிய கை

உள்ளங்கையில் இருந்த தழும்பைக் காணவில்லை.

செங்கல் சூளையில் பதினெட்டு வயதில் வெந்த தழும்பு. ஆய்வுக்கூடத்தின் கழுவும் அறையில், அன்றைய குடுவைகளைக் கழுவி முடித்து, கையுறையைக் கழற்றிக் கையைக் குழாயடியில் நீட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள். மருந்துத் தண்ணீரின் நெடி மூக்கைக் குடைய, காற்றை உறிஞ்சும் விசிறி சுவருக்குள் ஓயாமல் முனக, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காய்ப்பு இல்லை. நாலு நாளைக்கு முன் உடைந்த குடுவை குத்திய காயமும் இல்லை.

அந்தக் காயத்தைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. இரண்டு உறை போட்டால் கண்ணாடி வழுக்குகிறது என்று ஒன்றோடு கழுவியது தெரிந்தால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். மறுபடி சூளைக்குப் போக முதுகில் தெம்பில்லை.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஆராய்ச்சிக்காரப் பெண் மைக்கில் கேட்டாள். "என்னக்கா, ரேகை பாக்குறீங்களா? ராஜயோகம் தெரியுதா?"

"டாக்டரம்மா, இந்தக் குடுவையில இருந்த வைரஸ் என்னதான் பண்ணும்?"

"பலே கில்லாடிக்கா அது. டிஎன்ஏ அறுந்தா ஒட்டவைக்க நம்ம செல்லுக்குள்ளயே ஆளுங்க இருக்காங்க, கொத்தனார் மாதிரி. அவங்கள இழுத்துட்டுப் போயி தன் வீட்டக் கட்ட வச்சுக்கும். நான் வளக்குறது இன்னும் மோசம். அந்தக் கொத்தனாருங்க வேலைய நிறுத்தவே மாட்டாங்க."

அவள் சிரித்துவைத்தாள். வெளியே போய்ச் சொல்லிவிடலாம். வேலை போனால் போகட்டும்.

கதவைத் திறக்கும் கைரேகைப் பெட்டியில் பெருவிரலை வைத்தாள். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைத்தாள். சிவப்பு. விரலை வெளிச்சத்தில் பிடித்தாள். ரேகையே இல்லை. முட்டை ஓடுபோல வழவழவென்று இருந்தது.

"ஈரமா இருக்கும்க்கா, நல்லா தொடச்சிட்டு வைங்க."

மற்ற விரல்களை வைக்கப் பார்த்தாள். நடுவிரலும் மோதிரவிரலும் ஒட்டியிருந்தன. இழுத்தாள். கிழிந்தது. ரத்தம் வரவில்லை. கிழிந்த இடம் பார்க்கப் பார்க்க மூடிக்கொண்டது.

விசிறியின் முனகல் தேய்ந்தது. விசிறி நின்றுவிட்டதா? காதைத் தொட்டாள்.

துளை இல்லை.

கண்ணாடிக்கு ஓடினாள். அறைந்தாள். குத்திடுச்சும்மா. நாலு நாளாச்சு. தொறந்துவிடும்மா. தொண்டைவரை வந்தது. வெளியே வரவில்லை.

அந்தப் பக்கம் டாக்டரம்மா சிரித்துக்கொண்டே நிமிர்ந்தாள். சிரிப்பு போனது. நாற்காலி சாய, சுவரோடு சுவராகப் பின்னால் நகர்ந்தாள்.

கண்ணாடியில் இவள் முகம் தெரிந்தது. உதடுகள் இருந்த இடத்தில் ஒரு கோடு.

அதுவும் ஆறிக்கொண்டிருந்தது.